செகண்ட் ஆஃப் மேஜர்

உலகத்திலேயே மிக நீளமான இடைவேளை எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர் எங்கள் செகண்ட் ஆஃப் மேஜர்தான். சினிமாக் கொட்டகையில் இடைவேளை என்றால் ஒரு முறுக்கு தின்று முடிக்கிற நேரம். மேஜர் தன் ஆட்டத்தின் இடைவேளையில் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தார், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார், தலைமுடியை முழுசாகப் பறிகொடுத்தார், திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாகவும் சேர்ந்தார். ஆட்டம் மட்டும் பாதியிலேயே நின்றது.

உண்மையில் அவர் மேஜரே இல்லை. நாயக் என்கிற சின்ன ரேங்கில் இருந்து வெளியே வந்தவர். மேஜர் பட்டம் எங்கள் ரயில் கோஷ்டி கொடுத்தது. தினமும் காலையில் விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கும் சீசன் பாஸ் கூட்டம் நாங்கள். நான் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. வளவனூரிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்களோடு சேரும் தனசேகருக்கு மருந்துக்கடையில் வேலை. படிக்கிற காலத்தில் கபடியில் சூரன், இப்போது தொப்பையில். மூன்றாவது ஆள் நயினார். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி, வல்லத்தில் நிலம். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், அதனால் சாயங்கால ரயில் லேட்டானால் எங்களில் அதிகம் கவலைப்படுகிறவர் அவர்தான்.

நாங்கள் ரயில் ஏறுவது தூங்குவதற்கு. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு சுற்று, ஆபீசில் ஒரு சுற்று என்று வாழ்க்கை நம்மை அரைக்கிறது. நடுவில் கிடைக்கிற அரை மணிச் சொச்சம்தான் நமக்கென்று இருப்பது. அந்த அரை மணியைத்தான் மேஜர் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தின்றுகொண்டிருந்தார்.

ரயில் முண்டியம்பாக்கம் தாண்டினால் கதை தொடங்கிவிடும்.

"பங்களாதேஷ் சண்டை வர்றதுக்கு முன்னால எங்க கேம்ப்புல ஒரு கேப்டன் இருந்தாரு. சீமைக்குப் போய் வந்தவரு. அங்கேருந்து ஒரு பந்து கொண்டாந்தாரு. பந்துன்னா உருண்டை கிடையாது. ரெண்டு பக்கமும் கூம்பிக்கினு இருக்கும்."

"மல்லாட்டை மாதிரியா மேஜர்?" என்று நயினார் ஒருமுறை கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"ஒத்தைப் பருப்பு மல்லாட்டை."

"அது விலை போவாது," என்று சொல்லிவிட்டு நயினார் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

ஆட்டத்தின் பெயர் ரக்பி லீக். இதில் பதினைந்து பேர் ஆடுவது வேறு, பதிமூன்று பேர் ஆடுவது வேறாம். இவர்கள் ஆடியது பதிமூன்று. பஞ்சாபி, மலையாளி, கூர்க்கா, நம்மூர் ஆள் என்று கலந்து கட்டிய கோஷ்டி. விக்கிரவாண்டி வரும்போது மேஜர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். அதற்கு எதிர் சீட்டுக்காரரின் டிபன் பாக்ஸ் பந்தாகும். பேரணி ஸ்டேஷனில் ஒருவரைத் தூக்கி அடிப்பார். அதற்குச் சுண்டல் விற்கிறவர் மாட்டுவார். மயிலம் வந்தால் இடைவேளை. ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது ஊரெல்லாம் சங்கு ஊதிவிட்டதாம். போட்ட சட்டையோடு எல்லோரும் லாரியில் ஏறினார்களாம். கேப்டன் மட்டும் கத்திச் சொன்னாராம்: "ஆட்டம் முடியலடா. இது இடைவேளை. திரும்பி வந்து செகண்ட் ஆஃப் ஆடுவோம்!"

சரியாக அந்த இடத்தில் திண்டிவனம் வந்துவிடும். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு முண்டியடிப்போம். அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. என்றைக்காவது சிக்னலில் ரயில் நின்றுவிட்டால் மேஜர் மறுபடி முதல் பாதியைத் தொடங்குவாரே தவிர ஆரஞ்சுப் பழத்தைத் தாண்ட மாட்டார்.

அந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கக் கூடாது, பின்னால் இருப்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டாம். சட்டம் மைதானத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜவுளிக்கடையில் அவருக்கு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரின் பையைத் திருப்பிக் கொடுக்கிற வேலையும் சேர்ந்தது. மேஜர் பையை எடுத்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு பின்பக்கமாக நீட்டுவார்.

"ஏன்யா, மூஞ்சியப் பார்த்துக் குடுக்க மாட்டியா?" என்று செஞ்சிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"முன்னால குடுத்தா ஃபவுல்மா."

அதைக்கூட முதலாளி பொறுத்துக்கொண்டார். கல்யாண சீசனில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருத்தர் ஜவுளி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையிலிருந்து ஓட்டமாக ஓடி வந்தார். மேஜருக்கு மூட்டை பந்தாகத் தெரிந்ததா, ஆள் திருடனாகத் தெரிந்தாரா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாய்ந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்து ஆளை ரோட்டோரத்தில் சாய்த்துவிட்டார். பார்த்தால் அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். காசு கட்டிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருக்கிறார். பஸ் போய்விட்டது. அதைவிட ஆச்சரியம், சாய்த்த மேஜர் ஓரடி தள்ளி நின்று, "எழுந்திரிங்க, எழுந்திரிங்க, ஆடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். முதலாளி அன்றைக்கே அனுப்பியிருப்பார். ஆனால் கடையில் அதற்குப் பிறகு ஒரு கைக்குட்டைகூடத் திருடு போகவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். மேஜரின் மனைவி கஸ்தூரி அக்காவை மார்க்கெட்டில் பார்த்தால் என்னிடம் ஒரு பாட்டம் அழுது தீர்ப்பார்.

"ரேஷன் அரிசி மூட்டையத் தோள்ல வெச்சுக்கினு வந்தா இன்னா தம்பி? கக்கத்துல இடுக்கிக்கினு ஓடியார்றாரு. தெருவுல நாயெல்லாம் தொரத்துது. சண்டைக்குப் போனவன் மெடல் கொண்டாருவான். எனக்கு வாச்சது கதை கொண்டாந்துச்சு."

போன வருஷம் பங்குனி தொடங்குகிற சமயம். முண்டியம்பாக்கம் தாண்டியும் மேஜர் கதையைத் தொடங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த அமைதியிலேயே விழிப்பு வந்துவிட்டது.

"இடுப்புல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார் மேஜர். "பந்துக்கிண்ணம் தேஞ்சு போச்சாம். அப்புறம் நடக்கலாம், ஓடக் கூடாதாம்."

"இந்த வயசுல இன்னாத்துக்கு ஓடணும் மேஜர்?" என்றார் தனசேகர். எழுபதைத் தாண்டியவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

"செகண்ட் ஆஃப் பாக்கி இருக்குதே."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒரு தபா. நீங்கல்லாம் சேர்ந்து நின்னீங்கன்னா ஆடி முடிச்சுடுவேன். இதுக்கு மேல உங்களை எதுவும் கேக்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் கொன்றாரே தவிர கேட்டதில்லை. அதனால் மாட்டேன் என்று சொல்ல எங்களுக்குப் பழக்கமில்லாமல் போயிற்று. சரி என்று சொன்னோம். எனக்கு ஐம்பத்தேழு வயது. மாடிப்படி ஏறினால் முழங்கால் தனியாகப் பேசும். தனசேகர் குனிந்து செருப்பு மாட்டினால் நிமிர ஆள் வேண்டும். இந்த லட்சணத்தில்தான் சரி என்றோம்.

பந்தை நயினாரின் மகன் ஆன்லைனில் வாங்கினான். காற்றில்லாமல் வந்தது. சைக்கிள் கடையில் கொடுத்தபோது கடைக்காரர் காற்றடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "டிஃபெக்ட் பீஸு சார் இது. உருண்டையா வர மாட்டேங்குது. திருப்பி அனுப்பிடுங்க" என்று நல்ல மனசோடு யோசனை சொன்னார். மைதானத்துக்கு நயினார் வல்லத்து நிலத்தைக் கொடுத்தார். மல்லாட்டை பிடுங்கி முடித்து மண் பொலபொலவென்று கிடந்தது, விழுந்தாலும் அடிபடாது. ஆளுக்குத்தான் திண்டாட்டம். ரயில் கோஷ்டியைத் திரட்டியும் பதிமூன்று தேறவில்லை. வந்தவர்கள் போதும் என்று முடிவானது. எதிர்க்கோஷ்டி நயினாரின் டிராக்டர்காரரும் நிலத்தில் வேலை செய்கிறவர்களும். நயினார் யாரையும் பிடித்துத் தள்ள மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் விசில் அவர் கைக்குப் போனது.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுங்க. நான் போய்ச் சாப்பிடணும்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் நிலத்தில் இறங்கினோம். மேஜர் காக்கி அரைக்கால் சட்டையில் வந்திருந்தார். கஸ்தூரி அக்கா தலையில் அடித்துக்கொண்டே கூட வந்து, வேப்பமரத்தடியில் ஒரு தவலை கேப்பைக் கூழும் மோர் மிளகாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நயினார் விசிலை ஊதினார். டிராக்டர்காரர் பந்தை எடுத்து ஓடி வந்தார். எங்கள் ஆட்கள் இருவர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அமுக்கியதும் டிராக்டர்காரர் நல்ல பிள்ளையாக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நேராக வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அவுட்டு," என்றார் தனசேகர்.

"அவுட்டு," என்று நயினாரும் ஊதினார்.

மேஜர் அந்தக் கோடியில் இருந்தார், கவனிக்கவில்லை. அடுத்து பந்து எங்கள் பக்கம் வந்தது. நான் எடுத்து நாலடி ஓடுவதற்குள் மூன்று பேர் காலைப் பிடித்தார்கள். எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது, நேராகப் போய் டிராக்டர்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கூழ் ஊற்றினார். பிடித்தும் பந்துக்காரன் நழுவிவிட்டால் பிடித்தவனும் அவுட்டு என்று தனசேகர் தன் பழைய அனுபவத்திலிருந்து இன்னொரு சட்டம் கொண்டு வந்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். பிடிபட்டவன் வெளியே போக வேண்டும் என்பது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, ரத்தத்தில் இருக்கிறது.

கூழ் ஓடுகிற சேதி பரவியதும் ஆட்டம் சூடு பிடித்தது. ஆளாளுக்கு ஓடிப் போய்ப் பிடிபட்டார்கள். ஒருத்தர் பந்தே இல்லாமல் பிடிபட்டார். உட்கார்ந்த இடத்தில் மண்ணைக் கிளறினால் பிடுங்கும்போது தப்பிய மல்லாட்டை கை நிறையக் கிடைத்தது. கூழும் பச்சை மல்லாட்டையும் வேப்பங்காற்றும். கடைசியாக தனசேகரும் வந்து தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். இதைவிட நல்ல ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

கடைசியில் நிலத்தில் மேஜர் மட்டும் நின்றார். பந்து அவர் கக்கத்தில் இருந்தது. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எழுந்திரிங்கய்யா! இன்னா பண்றீங்க?"

"அவுட்டு மேஜர்!" என்று தனசேகர் வாய் நிறைய மல்லாட்டையோடு கத்தினார்.

"இதுல அவுட்டே கிடையாதுய்யா! புடிச்சா முடிஞ்சு போச்சா? வுழுந்தவன் எழுந்திரிச்சு, பந்தப் பின்னால தள்ளிட்டு, மறுபடி ஆடணும். அதான் ஆட்டமே! எத்தினி வருஷமா சொல்லிக்கினு வர்றேன்!"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சொல்லித்தான் இருப்பார். தினமும் சொல்லியிருப்பார். பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில் சொல்லியிருப்பார், நாங்கள் அந்த இடத்தில்தான் நன்றாகத் தூங்குவோம்.

இருந்தாலும் யாரும் எழவில்லை. கூழ் வயிற்றில் இறங்கிவிட்டது. யாரோ, "மேஜர்தான் ஜெயிச்சாரு, விடுங்க" என்றார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினோம்.

மேஜர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை. திடீரென்று ஒரு குரல் கொடுத்தார்.

"தாமஸ்! எழுந்திரு! பல்பீர், உட்டோ! அரே, ஜல்தி உட்டோ! டேய் கோபாலா, நீயாவது எழுந்திர்றா!"

எங்கள் கோஷ்டியில் தாமஸ் கிடையாது. பல்பீரும் கோபாலனும் கிடையாது. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மறுபடி அதே பெயர்களைக் கூப்பிட்டார்.

"யாருக்கா தாமஸு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கஸ்தூரி அக்கா கரண்டியைத் தவலைக்குள் வைத்தார். "கூட ஃபர்ஸ்ட் ஆஃப் ஆடினவங்க தம்பி. லாரி ஏறிப் போனதுல பாதிப் பேரு திரும்பி வர்ல. அந்தக் கேப்டனும் வர்ல. உங்ககிட்டச் சொல்லலியா?"

"ஆரஞ்சுப் பழம் வரைக்கும்தான் சொன்னாரு."

"அதுக்கு மேல அவுருக்குச் சொல்ல வராது," என்றார் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். வழக்கமான குரல் வந்துவிட்டது. "அவங்களால எழுந்திரிக்க முடியாது. உங்களுக்கு இன்னா கேடு? ஒரு தவலைக் கூழு காலியாச்சே. எழுந்திரிங்க!"

முதலில் எழுந்தது நயினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நயினார், உங்க சாப்பாடு?" என்றேன்.

"ஒரு வேளைதானே. காலையில சாப்பிட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, யாரையும் பிடிக்க மாட்டேன் என்றவர் நிலத்துக்குள் நடந்தார். தனசேகரை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். டிராக்டர்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லோரும் எழுந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது ரக்பி லீக்தானா என்று எனக்குத் தெரியாது. விழுந்தோம், எழுந்தோம். பந்தைக் காலால் பின்னால் தள்ளினோம், மறுபடி விழுந்தோம். என் முழங்கால் என்னைப் பெற்றவர்கள் வரை திட்டியது. மேஜர் எங்களை ஒருத்தர் விடாமல் வேறு பெயரில்தான் கூப்பிட்டார். நான் கோபாலன். தனசேகர் பல்பீர். கூப்பிட்ட பெயருக்கு எல்லோரும் ஓடினோம். மங்கலான வெளிச்சத்தில் மேஜர் பந்தோடு இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து ஓடினார், நாலு பேர் அவர் மேல் தொங்கினார்கள், நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, எல்லையாக வைத்திருந்த வரப்புக்கு அந்தப் பக்கம் பந்தோடு விழுந்தார்.

அப்படியே கிடந்தார். அக்கா, "இன்னாங்க!" என்று ஓடி வந்தார். பிறகு மேஜர் கையை ஊன்றி, ஒரு முட்டி, அடுத்த முட்டி என்று தானாகவே எழுந்து நின்றார். நயினார் நீளமாக விசில் ஊதினார்.

யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜரும் கேட்கவில்லை. "முடிஞ்சுது. வா, வூட்டுக்குப் போலாம்," என்று அக்காவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எங்கள் பெட்டி முழுக்கத் தைல வாசனை. ஒருத்தர் நிற்க முடியாமல் நின்றார், ஒருத்தர் உட்கார முடியாமல் உட்கார்ந்தார். மேஜர் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். முண்டியம்பாக்கம் போயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. விக்கிரவாண்டி போயிற்று. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இருபது வருஷமாக நாங்கள் கேட்ட தூக்கம் மடியில் வந்து விழுந்திருக்கிறது, ஒருத்தருக்கும் கண் மூடவில்லை. தனசேகர் என்னைப் பார்த்தார். நயினார் என்னைப் பார்த்தார். பேரணியும் வந்துவிட்டது.

"மேஜர்," என்றேன். "அந்தத் தாமஸு எப்படி ஆடுவாரு?"

அவர் மெல்லத் திரும்பினார். "அதான் ஆட்டம் முடிஞ்சு போச்சே சார். இன்னும் இன்னாத்துக்கு? இத்தினி வருஷமா கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பேஜாரா இல்லியா?"

"பேஜாராத்தான் இருக்குது மேஜர்," என்றேன். "நீங்க சொல்லுங்க."